டேப் இல்லாத படம்

கார்மேகம் அண்ணனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது எழுத உட்கார்ந்தால், அந்த நாலு வார்த்தையைச் சொல்லும் தகுதியை நானே கெடுத்துக்கொண்டதுதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. பரவாயில்லை. வெட்கப்பட்டுக்கொண்டே எழுதுகிறேன்.

அண்ணனுக்கு ஐம்பது வயது. பரமக்குடிக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். வளைகுடாவுக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. முதல் ஆறு வருடம் அல் ஐனில் ஒரு பேரீச்சந் தோட்டத்தில் இருந்தார். பிறகு துபாய்க்கு வந்து ஒரு தோட்டப் பராமரிப்புக் கம்பெனியில் சேர்ந்தார். தங்கியிருப்பது அல் கூஸில், எட்டுப் பேர் படுக்கும் தொழிலாளர் கேம்ப் ரூமில். வேலை, ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு பெரிய வில்லாக் குடியிருப்பில். அங்கே ஒரு செயற்கை ஏரி, புல்தரை, எல்லாவற்றையும் சுற்றி ஒன்றரை கிலோமீட்டருக்குச் சங்கங்குப்பிச் செடி வேலி. அந்த வேலியை மெஷின் வைத்து வெட்டி நேராக்குவது, தண்ணீர் விடுவது, வளர்ந்ததும் மறுபடி வெட்டுவது, இதுதான் அண்ணனும் அவருடைய கேங்கும் வருடம் முழுக்கச் செய்வது.

நான் மணிமாறன். மாயவரத்துக்காரன். துபாயில் கராமாவில் ஒரு ரூமில் இரண்டு பேரோடு இருக்கிறேன். ஷிப்பிங் கம்பெனியில் காகிதம் புரட்டும் வேலை. சனி, ஞாயிறு லீவு. லீவு நாளில் ரூமில் மற்றவர்கள் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவார்கள். நான் மட்டும் இருட்டு பிரிவதற்குள் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு முதல் பஸ் பிடித்துவிடுவேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேமரா, என் முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ். யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, நானாக வரவழைத்துக்கொண்ட கிறுக்கு. அக்டோபரில் வாலாட்டிக் குருவிகள் வந்து இறங்கும்போது தொடங்கும். மார்ச் முடிந்து அவை கிளம்பிப் போகும்வரை எனக்கு மனுஷர்கள் முகமே சரியாகத் தெரியாது.

அண்ணனைச் சந்தித்தது மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு பனிமூட்டமான காலையில். நான் ஒரு வெள்ளை வாலாட்டியின் பின்னால் புல்தரையில் வயிற்றால் ஊர்ந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "சார், இன்னும் அஞ்சு நிமிசத்துல அந்த எடத்துல தண்ணி பீச்சும். எந்திரிச்சிருங்க."

நான் எழுந்திருக்கவில்லை. வாலாட்டி அவ்வளவு பக்கத்தில் நின்றது. ஐந்து நிமிடம் கழித்து நான் முழுக்க நனைந்தேன், கேமராவும் நனைந்தது. அவர் சிரிக்காமல் தன் தலைத்துண்டை அவிழ்த்துக் கொடுத்தார். "கேமராவத் தொடைங்க மொதல்ல. நீங்க காஞ்சிருவீக."

அண்ணன் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். நான் அண்ணன் என்பேன், அவர் என்னைச் சார் என்பார். வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொன்னேன். "கேமரா வெச்சிருக்கீக, படிச்சிருக்கீக, சார்தானே," என்பார். அதற்குமேல் அந்தப் பேச்சை நான் வளர்த்ததில்லை. உள்ளுக்குள் எனக்கும் அது பிடித்திருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அவர் இடுப்பில் எப்போதும் சிவப்பு வெள்ளை டேப் உருண்டை ஒன்று தொங்கும். ரோட்டில் பள்ளம் தோண்டினால் யாரும் விழாமல் இருக்கச் சுற்றிக் கட்டுவார்களே, அந்த பிளாஸ்டிக் டேப். வேலிக்குள் எங்காவது குருவிக் கூடு கண்ணில் பட்டால், பக்கத்துக் கிளையில் ஒரு முழம் டேப்பைக் கட்டிவிடுவார். மெஷின் பிடிக்கிறவன் அதைப் பார்த்ததும் இந்தப் பக்கம் ஒரு மீட்டர், அந்தப் பக்கம் ஒரு மீட்டர் விட்டுவிட்டு வெட்ட வேண்டும். கேங்கில் இதுதான் சட்டம். அல் ஐனில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கொண்டைக்குருவிக் கூடு ஒன்றை முட்டையோடு மெஷினில் அரைத்துவிட்டாராம். அன்றையிலிருந்து கட்டுகிறார்.

பாகிஸ்தான்காரச் சூப்பர்வைசர் வந்து, வேலி ஏன் தெற்றுப்பல் மாதிரி அங்கங்கே துருத்திக்கொண்டிருக்கிறது என்று சத்தம் போட்டபோது, அண்ணன் கொஞ்சமும் யோசிக்காமல் அது குளவிக் கூடு என்று தனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொல்லியிருக்கிறார். முந்தின வருடம் ஒருவனைக் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போன அனுபவம் சூப்பர்வைசருக்கு இருந்தது. "அச்சா, அச்சா, சோட் தோ," விட்டுவிடு என்று சொல்லி நாலடி தள்ளி நின்றுகொண்டாராம். "அதுலருந்து நம்ம வேலியில வருசத்துக்கு முப்பது குளவிக் கூடு சார்," என்று என்னிடம் சொல்லிவிட்டு அன்றுதான் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

பறவையின் விஞ்ஞானப் பெயரெல்லாம் நான் சொல்வேன். அந்தப் பறவை பத்து மணிக்கு எந்தக் குழாயடியில் நிற்கும் என்று அவர் சொல்வார். என்னுடைய நல்ல படங்களில் முக்கால்வாசி அவர் கை நீட்டிக் காட்டியவை. ஒருநாள் கேமராவைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். கொண்டலாத்தி ஒன்று புல்லைக் கொத்திக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இம்புட்டுக் கிட்டத்துல தெரியுதே, அதுக்குக் கூச்சமா இருக்காதா," என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கூடு காட்டும்போது மட்டும் ஒரு நிபந்தனை போடுவார். "டேப்புக்கு இந்தப் பக்கமே நின்னு எடுங்க சார், எதையும் தொடாதீக."

இனி என் கதைக்கு வருகிறேன்.

பறவைப் படம் எடுப்பவர்களின் வாட்ஸாப் குழு ஒன்றில் நானும் இருந்தேன். இருபத்தெட்டுப் பேர், எல்லோரும் நம்மவர்கள்தான். அட்மின் விஜயபாஸ்கர், பெரிய கம்பெனி ஒன்றில் மேனேஜர். அவருடைய லென்ஸைத் தூக்க எனக்கு இரண்டு கை வேண்டும். அவருக்கு ஒரே ஒரு வேதம், பேக்ரவுண்ட் சுத்தமாக இருக்க வேண்டும். ஜனவரியில் நான் ஒரு தேன்சிட்டுப் படம் போட்டேன். ஆண் சிட்டு குளிர்காலத்தில் அழுக்குச் சட்டை போட்டதுபோல் மங்கிப்போய், கழுத்திலிருந்து வயிறுவரை ஒரு கறுப்புக் கோட்டோடு திரியும். வெயில் கொஞ்சம் ஏறியதும் கோடு அகன்று அகன்று உடம்பு முழுக்கக் கருநீலமாக மின்ன ஆரம்பிக்கும். பாதி மாறியும் மாறாமலும் நின்ற சிட்டை நான் எடுத்திருந்தேன். பெருமையாகத்தான் போட்டேன். விஜயபாஸ்கர் எழுதினார்: "நல்ல முயற்சி மணி. ஓரத்துல பிளாஸ்டிக் பை தெரியுதே? குப்பையோட சேர்த்து எடுக்கணுமா?" கீழே பதினெட்டுப் பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். அந்தப் பதினெட்டையும் நான் எண்ணிப் பார்த்தேன். அற்பன் என்றால் அப்படி ஓர் அற்பன்.

பிப்ரவரி நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை அண்ணன் போன் செய்தார். "சார், தேன்சிட்டு குஞ்சு பொரிச்சிருச்சு. நாளைக்கு வந்தீகன்னா பாக்கலாம்."

சனிக்கிழமை விடியும்போதே போய் நின்றேன். அவர் பாதையில் நின்றபடியே கையை நீட்டினார். "அந்தா, மூணாவது வெளக்குக் கம்பத்துக்கு நேரா. நெஞ்சு ஒசரத்துல தொங்குது பாருங்க. திங்கக்கெழம இந்தப் பக்கம்தான் கட்டிங். டேப் கட்டிட்டேன், பயமில்ல." அதற்குள் பிக்கப் ஹாரன் அடித்தது. மறுபக்கத்து கேட் அருகே சொட்டுநீர்க் குழாய் உடைந்து கிடந்தது, அவரை அங்கே அழைத்துப் போனார்கள்.

கிட்டே போய்ப் பார்த்தேன். கையளவு கூடு. நார், சருகு, சிலந்தி வலை, யாரோ எறிந்த முகக்கவசத்தின் நூல், எல்லாம் சேர்த்துப் பின்னிய சின்னப் பை. வாசலுக்கு மேலே ஒரு கூரை நீட்டிக்கொண்டிருந்தது. பெண் சிட்டு புழுவோடு வந்து தொங்கியதும் வாசலில் இரண்டு ஆரஞ்சு நிற வாய்கள் திறந்தன. பதினொரு படம் எடுத்துவிட்டுத் திரையில் பார்த்தேன். பதினொன்றிலும் கூட்டுக்கு இடது பக்கத்தில் சிவப்பும் வெள்ளையுமாக டேப்.

இந்தப் பக்கம் நகர்ந்தேன், அந்தப் பக்கம் நகர்ந்தேன். எங்கே நின்றாலும் டேப். விஜயபாஸ்கர் என்ன எழுதுவார் என்று மனசுக்குள் ஓடியது. போய் அவிழ்த்தேன். லேசில் வரவில்லை, இரண்டு முடிச்சு போட்டு இறுக்கியிருந்தார். நகத்தால் நெம்பி எடுத்து, பேன்ட் பாக்கெட்டில் திணித்துக்கொண்டேன். எடுத்து முடித்ததும் கட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். இதை நான் சத்தியம் செய்து சொல்வேன், ஆனால் அந்தச் சத்தியத்தால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

அதற்குப் பிறகு கிடைத்ததுதான் அந்தப் படம். பெண் சிட்டு பாதி பறப்பில், இரண்டு வாய்களும் திறந்து, பின்னால் வெறும் பச்சை. என் வாழ்நாளில் அப்படி ஒன்றை எடுத்ததில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பார்த்துக்கொண்டே பஸ் ஏறினேன். கராமா போய்ச் சேருவதற்குள் படத்தைக் குழுவில் போட்டும் விட்டேன். விஜயபாஸ்கர், "என்ன பேக்ரவுண்ட்யா!" என்று எழுதினார். சாயங்காலத்துக்குள் அதையே மாதத்தின் சிறந்த படமாகக் குழுவின் முகப்பில் வைத்துவிட்டார்கள்.

மறந்துபோய்விட்டேன் என்று இத்தோடு நிறுத்திக்கொண்டால் எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். அப்படி நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணி துவைக்கப் போட்டபோது பாக்கெட்டிலிருந்து டேப் வந்தது. மறுநாள் அந்தப் பக்கம் கட்டிங் என்று அண்ணன் சொன்னது காதில் கேட்டது. போனை எடுத்து, 'அண்ணே, அந்த டேப்பை நான்' என்று தட்டினேன். அதற்கு மேல் என்ன எழுதுவது? தொடாதே என்று சொன்ன மனுஷரிடம், தொட்டேன் என்று எப்படிச் சொல்வது? சார் என்று கூப்பிடுகிற வாய் அப்புறம் எப்படிக் கூப்பிடும்? அழித்தேன். அண்ணன்தான் காலையில் சுற்றிப் பார்ப்பாரே, இல்லையென்றால் வேறு ஒன்று கட்டிவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, குழுவில் புதிதாக வந்த பாராட்டுகளைப் படிக்கப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆபீஸில் இருந்தேன். அண்ணனின் போன்.

"சார், கூடு போச்சு." மூச்சு வாங்கியது அவருக்கு. "காலையில என்னைய நேரா குழாய் வேலைக்கு அனுப்பிட்டாக. நம்ம கேங்கு ராக்கப்பன்தான் மெசின் புடிச்சான். வெட்டித் தள்ளிட்டான். குஞ்செல்லாம் வெட்டுப்பட்டு கீழ கெடக்கு. தாய் வந்து வந்து சுத்துது, பாக்க முடியல."

"ஐயோ," என்றேன். என் குரல் எனக்கே நாடகம் மாதிரி கேட்டது.

"டேப்பே இல்லங்கறான் சார். கண்ணுக்கு முன்னால பொய் சொல்லுறான். கன்னத்துல ஒண்ணு வெச்சுட்டேன். நீங்க அன்னைக்குப் படம் எடுத்தீகள்ல? அத அனுப்புங்க. டேப் அதுல தெரியும்ல. அவன் மூஞ்சியில காட்டணும்."

டேப் தெரியும் படம் ஒன்றா இரண்டா, ரூமில் கேமராவில் பதினொன்று இருந்தது. மேஜையில் ஃபைல்கள் திறந்து கிடந்தன, பக்கத்து சீட்காரர் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். நான் போனில் இருந்த அந்த மற்றப் படத்தை, சுத்தமான பச்சை பேக்ரவுண்டோடு இருந்ததை, அவருக்கு அனுப்பினேன். கையில் இதுதான் இருந்தது என்று பிற்பாடு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அனுப்பும்போது நான் என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெளிவாகத் தெரியும்.

அரை மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். சத்தம் இறங்கியிருந்தது. "பாத்தேன் சார். டேப் இல்லதான். ஏழு எடத்துல கட்டினேன், எட்டாவதா இதுலயும் கட்டிட்டேன்னு நெனச்சுக்கிட்டே இருந்திருக்கேன். கட்டல போல. வயசாகுதுல்ல. அந்தப் பயலப் போயி அடிச்சுப்புட்டேன்." பிறகு, "படம் நல்லா வந்திருக்கு சார்," என்றார்.

இரண்டு நாள் கழித்து ஒரு குரல் செய்தி அனுப்பினார். அந்தப் படத்தைக் காகிதத்தில் போட்டுத் தர முடியுமா, கட்டிலுக்கு மேலே ஒட்ட வேண்டும் என்று கேட்டிருந்தார். "தெனமும் கண்ணு முழிச்சதும் பாக்கணும் சார். ஒரு டேப் கட்டாம விட்டா என்ன ஆகும்னு புத்தியில ஏறணும்."

கராமாவில் எங்கள் தெருவில் யஹ்யா பாய் கடை இருக்கிறது. கீழக்கரைக்காரர். பாஸ்போர்ட் போட்டோ, ஃப்ரேம், டைப்பிங் எல்லாம் செய்வார். கேமராவின் கார்டை அவரிடம் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துவிட்டு, "என்ன மணி, முதல்ல இருக்கறதுல எல்லாம் ஒரு டேப் தொங்குது, பின்னால உள்ளதுல இல்லையே, எதைப் போட?" என்றார். கடைசிப் படத்தைக் காட்டினேன். அது அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கடையில் மாட்ட ஒன்று, எனக்கு ஒன்று என்று இரண்டு பிரின்ட் போட்டார். "குஞ்சு ரெண்டும் பறந்துருச்சா?" என்று கேட்டார்.

"பறந்துருச்சு பாய்," என்றேன்.

"மாஷா அல்லாஹ்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கேம்புக்குப் போய் அண்ணனிடம் கொடுத்தேன். ராக்கப்பன் எனக்காக ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். டீ போட்டுக் கொடுத்தான். கன்னத்தில் வாங்கியதைப் பெரிதாக நினைத்த மாதிரி தெரியவில்லை. அண்ணன் அவனிடம் எல்லார் முன்னாலும் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டாராம். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லையாம்.

"ஒரு விசயம் சொல்றேன், கோவிச்சுக்காதீக சார்," என்றான் ராக்கப்பன். "மொதல்ல நான் ஒங்களத்தான் சந்தேகப்பட்டேன். கேமராக்காரரு படத்துக்காக அவுத்திருப்பாரோன்னு. அண்ணன் மறுபடி அடிக்க வந்துட்டாரு. அவரு படிச்ச மனுசன்டா, தொடாதன்னா தொடமாட்டாருன்னு."

ரூமில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். அண்ணன் படத்தின் நாலு மூலையிலும் செலோடேப் ஒட்டி, படுத்தால் முகத்துக்கு நேராகத் தெரிகிற மாதிரி மேல் கட்டிலின் அடியில் ஒட்டினார். அந்த ரூமில் அன்று தரை பிளந்திருந்தால் நான் சந்தோஷமாக உள்ளே போயிருப்பேன்.

அடுத்த இரண்டு வாரம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஜலதோஷம் என்றேன், ஆபீஸ் வேலை என்றேன். நோன்பு மாதம் தொடங்கியிருந்தது. அசர் தொழுகைக்குப் பிறகு யஹ்யா பாய் ஒரு தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி வாங்கிவந்து, நோன்பு வைக்காத எங்கள் ரூமுக்கும் ஒரு பங்கு ஊற்றிக் கொடுப்பார். ஒரு வெள்ளிக்கிழமை அதை வாங்கப் போனபோது, கடையில் ஒரு அம்மா தன் பிள்ளைகளோடு சுவரில் இருந்த என் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டும் நல்லபடியாப் பறந்துருச்சும்மா. இந்தத் தம்பிதான் எடுத்தது," என்று யஹ்யா பாய் என்னைக் காட்டினார். பிள்ளைகள் என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள்.

அவர்கள் போனதும் பாயிடம் சொன்னேன். எதற்கு அப்போது சொன்னேன் என்று தெரியவில்லை. கையில் சூடாகக் கஞ்சி இருந்தது, வாங்கிக்கொண்டு போக முடியவில்லை, அவ்வளவுதான். முழுவதையும் சொன்னேன்.

யஹ்யா பாய்க்கு மூக்கு சிவந்துவிட்டது. "ரெண்டு வாரமா கடைக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் பறந்துருச்சு பறந்துருச்சுன்னு சொல்லிட்டு இருக்கேன். அதுவும் நோன்பு வாயோட," என்றார். ஸ்டூலைப் போட்டு ஏறி, படத்தைக் கழற்றிச் சுவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். "என்கிட்ட ஏன் சொல்றீங்க? டேப் கட்டினது நானா? போய் அந்த மனுஷன்கிட்ட சொல்லுங்க." ஸ்டூலை ஓரமாக வைத்துவிட்டு, "கார்டு இருக்கா?" என்று கேட்டார். கொடுத்தேன். நான் எதுவும் சொல்லாமலே, முதல் பதினொன்றில் ஒன்றைப் பிரின்ட் போட்டு உறையில் வைத்துக் கையில் கொடுத்தார். கஞ்சியையும் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கேம்ப். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். ஆள் கொஞ்சம் இளைத்திருந்தார். "வாங்க சார், ஒடம்பு தேவலையா?" என்று கேட்டார். ஜலதோஷத்தை நம்பியிருக்கிறார்.

நான் உட்காரவில்லை. உறையைக் கொடுத்தேன். உருவிப் பார்த்தார். முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார், தள்ளி வைத்தார்.

"இது எந்தக் கூடு சார்?"

"அதே கூடுதான்ணே. அதே சனிக்கிழமை காலையில. முதல்ல எடுத்தது இது. டேப் தெரியுதுன்னு நான்தான் அவுத்தேன். திரும்பக் கட்டல. ஞாயித்துக்கிழமையே பாக்கெட்ல இருந்து எடுத்தேன். தெரிஞ்சும் போன் பண்ணல. நீங்க படம் கேட்டப்பவும் தெரிஞ்சேதான் அந்தப் படத்தை அனுப்பினேன்."

ரூமில் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தது நின்றது. அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. படத்தில் டேப் இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இது என் முடிச்சு," என்றார். "ரெண்டு சுத்து, ஒரு வால் நீளம், ஒரு வால் குட்டை. டேய் ராக்கப்பா, இங்க பாரு. நான் கட்டியிருக்கேன்டா."

"ஆமாண்ணே."

"கட்டியிருக்கேன்."

அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். பாரம் இறங்கிவிட்டது, இனி அவர் திட்டுவார், நான் வாங்கிக்கொள்வேன், முடிந்தது என்று நினைத்தேன்.

ராக்கப்பன்தான் பேசினான். "அன்னைலருந்து அண்ணன் டேப்பக் கையில தொடல. எனக்கே ஞாபகம் நிக்கல, நான் கட்டுறத நம்பி ஒருத்தன் வெட்டக்கூடாதுன்னுட்டு, சூப்பர்வைசர்ட்ட சொல்லிக் குழாய் வேலைக்கே மாறிட்டாரு. எங்களுக்குக் கூடு பாக்கத் தெரியுமா? டேப் இல்ல, வெட்டிட்டோம்."

"எவ்வளவு தூரம் வெட்டினீங்க?" என்று கேட்டேன்.

"ஏரிக்கரை முழுக்க," என்றார் அண்ணன். இப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். "மார்ச்சு மாசம். எல்லாம் கூடு கட்டி முட்டை வெக்கிற நேரம். ஒரு கூடு போனது கைத்தப்பு. அத நான் அப்பவே விட்டிருப்பேன். இந்த மூணு வாரத்துல ஒரு நாளு வாயத் தொறந்திருந்தீகன்னா மத்தது இருந்திருக்கும்."

அவர் சத்தம் போடவில்லை. பேச்சில் சார் இல்லை என்பதை மட்டும் கவனித்தேன். மன்னிச்சிருங்கண்ணே என்றேன், அது யாருக்கும் கேட்டிருக்காது.

அண்ணன் கட்டிலில் மல்லாந்து படுத்து, மேலே ஒட்டியிருந்த படத்தை நாலு மூலையும் கிழியாமல் மெதுவாக உரித்தார். எழுந்துவந்து என் கையில் வைத்தார்.

"இது ஒங்களுது. தெனமும் கண்ணு முழிச்சதும் பாக்குற மாதிரி ஒட்டிக்கங்க."

மறுநாளே அண்ணன் குழாய் வேலையை விட்டுவிட்டு டேப் உருண்டையை இடுப்பில் மாட்டிக்கொண்டாராம். ராக்கப்பன் சொன்னான். நான் வாட்ஸாப் குழுவில் நடந்ததை எழுதினேன். "விடுங்க மணி, இதெல்லாம் சகஜம், படம் படம்தானே," என்று விஜயபாஸ்கர் பதில் போட்டார். அதைப் படித்ததும் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது, அவர்மேலும் என்மேலும். குழுவிலிருந்து வெளியே வந்துவிட்டேன்.

வில்லாப் பக்கம் இப்போதும் போகிறேன். வாலாட்டிகள் கிளம்பிவிட்டன. மின்கம்பியில் பஞ்சுருட்டான்கள் வந்து உட்கார ஆரம்பித்துவிட்டன. அண்ணன் பார்த்தால் பேசுவார், பஞ்சுருட்டான் எத்தனை மணிக்கு எந்தக் கம்பியில் என்று சொல்வார். கூடு மட்டும் காட்டுவதில்லை. நானும் கேட்பதில்லை. டேப் தெரிந்தால் பாதையை விட்டு இறங்காமல் நடந்துவிடுகிறேன்.

படம் கராமா ரூமில் என் தலைமாட்டுச் சுவரில் இருக்கிறது. அவர் ஒட்டிய அதே செலோடேப்பின் மேல் இன்னொன்று ஒட்டியிருக்கிறேன். ரூமுக்கு வருகிறவர்கள் பார்த்ததும், அழகாக இருக்கிறதே என்று சொல்லிவிட்டு, எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், குஞ்சு இரண்டும் பறந்துவிட்டனவா என்று. இல்லை என்கிறேன். ஏன் என்று கேட்டால், உட்கார வைத்து முதலிலிருந்து சொல்கிறேன்.